தலைக்கணக்கு

பெல்லந்தூரில் பதினொன்று இருபதுக்கு மணி அடித்தது.
தீ இல்லை, ஒத்திகைதான் என்பது
எல்லோருக்கும் தெரியும்.
‘திடீர் ஒத்திகை, நாளை’ என்று
நேற்றே மின்னஞ்சல் வந்துவிட்டது.

ஒன்பது மாடிப் படிகளில்
நாலாயிரம் பேர் இறங்கினோம்,
பாதிப் பேர் காபிக் கோப்பையோடு.
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
தோளை இடித்தவரின் கழுத்து அட்டையைப் பார்த்தேன்:
ஜாய் குரியாக்கோஸ்.
நான்கு வருடமாக எனக்கு ‘அன்புடன்’ எழுதுபவர்.
ஒரு பொத்தானின் நீலத்தைக்
கொஞ்சம் வெளிறச் செய்ய நான் கேட்ட அனுமதியை
ஏழு மாதம் தன்னிடமே வைத்திருந்தவர்.
ஷூ கயிறு அவிழ்ந்திருந்தது. சொன்னேன்.
‘தேங்க்ஸ்’ என்றார்.
என் அட்டையை அவர் பார்க்கவில்லை.

வெளியே தூறல்.
மெட்ரோத் தூண்களுக்குக் கீழே லாரிகள்.
ஒரே ஒரு புங்கமரத்துக்கு நாலாயிரம் பேர் போட்டி.
வேர்க்கடலைக்காரருக்கு யோகம்.

இந்த ஊரில் வீடு தேடிய நாளில்
வீட்டுக்காரர் ‘நீவு யாவ…’ என்று தொடங்கினார்.
என்ன கேட்கப் போகிறார் என்று தெரியும்.
முந்திக்கொண்டு கம்பெனிப் பெயரைச் சொன்னேன்.
கேள்வி தொண்டையிலேயே நின்றது.
பத்து மாத அட்வான்ஸ் ஆறு மாதமானது.
அன்றிலிருந்து அந்தப் பெயர்
இனிஷியல் மாதிரி
என் பெயருக்கு முன்னால் நடக்கிறது.

இன்னொன்றும் உண்டு.
மகள் இருபத்தொன்பதாம் வாரத்திலேயே வந்துவிட்டாள்.
தொள்ளாயிரத்து எண்பது கிராம்.
கண்ணாடிப் பெட்டிக்குள் முப்பத்தெட்டு நாள்.
பில் பதினோரு லட்சத்துச் சொச்சம்.
அடகுக்கடையில் வளையலை நீட்டுவதுபோல
கவுண்டரில் அட்டையை நீட்டினேன்.
‘ஆய்த்து மேடம்’ என்றாள் அந்தப் பெண்.
அவ்வளவுதான்.
கையெழுத்துப் போட்டவர் யார் என்று விசாரித்தேன்,
ஒரு பெட்டி இனிப்பாவது கொடுக்கலாமே என்று.
கை எதுவும் இல்லையாம்.
தானாக நடந்ததாம்.

மார்ச்சில் வினாயக் கட்டிமனியை அனுப்பியதும்
தானாகத்தான் நடந்தது.
சண்டை போட ஆள் தேடினோம்.
அவன் மேலாளர் அழுதார்.
அவருக்கு மேலே இருந்தவர் வருந்தினார்.
அதற்கும் மேலே ஒரு எக்செல் தாள் இருந்தது.
எனக்குப் பக்கத்து நாற்காலி அவனுடையது.
அவன் எலுமிச்சை ஊறுகாய் இன்னும் இழுப்பறையில் இருக்கிறது.
மதியம் நான்தான் தொட்டுக்கொள்கிறேன்.

ஆரஞ்சுச் சட்டை மாட்டிய சுமித்ரா மொஹந்தி
எங்கள் மாடியை எண்ணினாள்.
ஒரு தலை குறைந்தது.
மறுபடி எண்ணினாள்.
அப்புறம் பட்டியலை உரக்கப் படித்தாள்.
‘வினாயக் கட்டிமனி!’
யாரும் பேசவில்லை.
‘வினாயக் கட்டிமனி!’

ஒரு தலை குறைந்தாலும்
யாரும் உள்ளே போகக் கூடாது. விதி.
ஹெல்மெட் போட்ட இருவர் அவனைத் தேடி
ஒன்பது மாடியும் ஏறினார்கள்.
கழிப்பறைக் கதவுகளைத் தட்டும் சத்தம்
வாக்கி டாக்கி வழியாகக் கீழே கேட்டது.
அவன் பெயரைத்
தப்பாக உச்சரித்து உச்சரித்து அழைத்தார்கள்.
நாலாயிரம் பேர் அவனுக்காக நனைந்தோம்.

பட்டியல் பழசு என்று நான் சொல்லியிருக்கலாம்.
நாக்கு நுனிவரை வந்தது.
இன்னும் கொஞ்ச நேரம் தேடட்டும் என்று
வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

அவனுக்குச் செய்தி அனுப்பினேன்:
‘கம்பெனி உன்னைத் தேடுகிறது.’

ராஜாஜிநகரில், ஒரு தையல் கடை மாடியில்,
ஆறு பேர் வேலை செய்யும் இடத்தில் இருக்கிறான் இப்போது.
முதலாளியே டீ வாங்கி வருவாராம்.
சம்பளம் சில மாதம் பதினேழாம் தேதி வருமாம்,
சில மாதம் டீ மட்டும்.

உடனே பதில் வந்தது:
‘சம்பளப் பட்டியலிலும் என் பேர் இருக்கான்னு பாரு.’